சிவந்த மரம் போன வருடத்துச் செய்தி: ஆல்பர்ட்டாவில் பைன் வண்டுக் கணக்கெடுப்பு

பனிக்காலணி | செப்டம்பர் 21, இரவு 9:40

போன வாரம் சேலத்திலிருந்து மைத்துனர் பேசினார். "மாப்பிள்ளை, ஒரு வண்டைத் தேடவா ஹெலிகாப்டரும் ஆளும் அம்பும்? செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாதா?" என்றார். அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் "சரி, குளிருக்குப் பத்திரமாக இருங்கள்" என்று வைத்துவிட்டார். அவருக்குப் புரியவில்லை என்பது புரிந்தது. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலையடிவாரத்துப் பைன் காடுகளில் வண்டுக் கணக்கெடுக்கும் குழு ஒன்றில் ஏழு பருவங்களாக வேலை செய்கிறேன். ஒப்பந்தக்காரரிடம் கூலி வேலை. பூச்சியியல் படித்தவன் அல்லன். படித்தவர்கள் தப்பிருந்தால் திருத்துங்கள்.

வண்டின் பெயர் மவுண்டன் பைன் பீட்டில். மலைப்பைன் வண்டு என்று வைத்துக்கொள்வோம். புழுங்கலரிசி ஒன்றைக் கரியில் புரட்டி எடுத்தால் எப்படி இருக்குமோ, அளவும் நிறமும் அதுதான். ஜூலை கடைசியிலோ ஆகஸ்டிலோ வெயில் நன்றாக அடிக்கும் ஒரு நாளில் பழைய மரத்திலிருந்து கிளம்புகிறது. பெண் வண்டு புது மரத்தைத் தேர்ந்து பட்டைக்குள் துளைத்துப் போகிறது. போனதும் ஒரு வாசனையை விடுகிறது. அதை மோந்து ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கில் வந்து இறங்குகின்றன. மரம் பிசினைப் பீய்ச்சித் தள்ளிப் பார்க்கும். பத்துப் பேர் வந்தால் தள்ளிவிடலாம், ஐந்நூறு பேர் வந்தால் என்ன செய்யும்? போதாக்குறைக்கு வண்டு தன் வாயில் ஒரு பூஞ்சையையும் கொண்டுவருகிறது. அது மரத்தின் நீரோட்டத்தை அடைக்கிறது. அறுத்துப் பார்த்தால் வெளிவட்டம் முழுக்க நீலம் பாரித்திருக்கும்.

மைத்துனருக்குப் புரியாத இடம் இதற்கு அடுத்தது. ஆகஸ்டில் தாக்கப்பட்ட மரம் இலையுதிர் காலத்திலேயே செத்ததற்குச் சமம். ஆனால் பச்சையாகவே நிற்கும். பனிக்காலம் முழுவதும் பச்சை. அடுத்த வருடம் மே, ஜூனில் மங்கி, கோடையில்தான் செங்கல் நிறத்துக்கு வரும். அதற்குள் உள்ளே பிறந்ததெல்லாம் வளர்ந்து பறக்கத் தயாராகிவிடும். செப்டம்பரில் ஹெலிகாப்டரிலிருந்து நாங்கள் பார்க்கிற சிவப்பு மரத்தில் வண்டு கிடையாது. காலி செய்துவிட்டுப் போன வீடு அது. எங்கே போயிருக்கும்? பெரும்பாலும் பக்கத்தில். அதனால் சிவப்பு மரம் எங்களுக்கு ஒரு முகவரி மட்டுமே. ஜிபிஎஸ் புள்ளி எடுத்துக்கொண்டு, பின்னால் தரைவழியாக நடந்து போய், அந்த மரத்தைச் சுற்றி 50 மீட்டர் வட்டத்தில் நிற்கிற ஒவ்வொரு பைனையும் சுற்றிவந்து பார்க்கிறோம். பச்சையாக நிற்கிற செத்த மரத்தைக் கண்டுபிடித்து எண் போட்டு, அடுத்த கோடையில் வண்டு பறப்பதற்குள் வெட்டி எரிக்க வேண்டும். பனி கிடக்கிறபோதே எரிப்பார்கள், தீ பரவாது.

இந்த வருடத்து ஹெலிகாப்டர் வேலை முடிந்தது. அடுத்த வாரம் நடை தொடங்குகிறது. அதற்கு முன் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

தென்னந்தோப்பு | செப்டம்பர் 21, இரவு 10:15

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மைத்துனரை எங்கள் ஊருக்கு அனுப்பிவையுங்கள், ஐந்து நிமிடத்தில் புரியவைக்கிறோம். தென்னையில் சிவப்புக் கூன்வண்டு விழுந்தால் இதே கதைதான். குருத்து சாய்ந்த பிறகு பார்த்து என்ன பயன்? தண்டில் ஓட்டை இருக்கிறதா, அதிலிருந்து பழுப்பாக நீர் வடிகிறதா, மென்று துப்பிய நார் தெரிகிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். என் தாத்தா மரத்தில் காதை வைத்துக் கேட்பார். உள்ளே புழு மெல்லுகிற சத்தம் கேட்கும் என்பார். எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

நாங்கள் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறோமே, அங்கே அதெல்லாம் இல்லையா?

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 22, காலை 7:05

செயற்கைக்கோளை இப்படி ஒரேயடியாக மட்டம்தட்ட வேண்டாம். கால்கரியில் வரைபட வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய பெருந்தாக்குதல் மொத்தம் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைத் தொட்டது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1.3 கோடி ஹெக்டேர்தான். அத்தனையையும் நடந்தா பார்த்தார்கள்? விமானத்திலிருந்து கையால் வரைந்தார்கள், லேண்ட்சாட் செயற்கைக்கோளின் படத்தில் வருடம் வருடமாகப் பரவலைப் பின்தொடர்ந்தார்கள். மலைச்சரிவு முழுவதும் சிவந்து கிடக்கிறபோது மேலிருந்து பார்ப்பதைவிட நல்ல வழி கிடையாது.

ஒற்றை மரம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். இலவசமாகக் கிடைக்கிற படங்களில் கூர்மையானது சென்டினல்-2. அதன் ஒரு புள்ளியே 10 மீட்டருக்கு 10 மீட்டர். உங்கள் பைனின் தலை மூன்று நான்கு மீட்டர் இருக்குமா? நூறு சதுர மீட்டர் பச்சைக்குள் ஒரு சிவப்புப் பொட்டு, கரைந்து போய்விடும். ட்ரோன் படத்தில் தெரியும். ஆனால் ட்ரோனை எத்தனை பள்ளத்தாக்கில் பறக்கவிடுவது?

பனிக்காலணி | செப்டம்பர் 22, பகல் 1:30

பித்தன் சொல்வது சரிதான். காடே சிவந்திருந்தால் எனக்கு வேலையே இல்லை, உங்களுக்குத்தான் வேலை. என் வேலை வண்டு குறைவாக இருக்கிற ஓரத்தில். அங்கே ஒரு மரம், இரண்டு மரம்தான் கணக்கு.

இன்னொன்று, சிவப்பெல்லாம் வண்டு அல்ல. என் முதல் பருவத்தில் ஹெலிகாப்டர் சன்னலோரம் உட்கார்ந்து ஒரு சரிவைப் பார்த்து "அதோ, அதோ" என்று கத்தினேன். மலையின் இடுப்பில் துணி கட்டியதுபோல ஒரே உயரத்தில் சிவப்புப் பட்டை. ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெட் பெல்ட் என்பார்கள். பனிக்காலத்தில் சினூக் என்ற வெப்பக்காற்று அடிக்கிறது. இலை நீரை இழக்கிறது, வேரோ உறைந்த மண்ணில் கிடக்கிறது. இலை கருகிவிடும், மரம் பிழைத்துக்கொள்ளும். இன்னொரு வேடிக்கை முள்ளம்பன்றி. இந்த ஊர் முள்ளம்பன்றி மரமேறும். உச்சியில் உட்கார்ந்து பட்டையைச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டுப் போகும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சிவக்கும். வண்டு தாக்கினால் மரம் முழுவதும் நிறம் மாறும், முள்ளம்பன்றி கடித்தால் தலை மட்டும். 80 மீட்டர் உயரத்தில் தலைசுற்றுகிறபோது இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

@தென்னந்தோப்பு: பொறி உண்டு, வேறு மாதிரி. வண்டு இன்னும் வராத கிழக்கு ஓரத்தில், பறக்கும் பருவத்துக்கு முன்பு, குறித்த இடங்களில் சில மரங்களில் இனக்கவர்ச்சி மருந்துப் பையை ஆணியடித்துத் தொங்கவிடுகிறோம். மரமே பொறி. இலையுதிர் காலத்தில் போய்ப் பார்ப்போம். தாக்கியிருந்தால், காற்றில் வண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பொருள்.

தென்னந்தோப்பு | செப்டம்பர் 22, இரவு 8:50

அங்கேதான் இடிக்கிறது. நல்ல தோப்புக்கு நடுவே பொறியைத் தொங்கவிட்டு, இல்லாத வண்டையெல்லாம் ஊரிலிருந்து அழைத்துவந்த ஆளை எனக்குத் தெரியும். பொறிக்குள் விழுந்தது பாதி, பக்கத்து மரத்தில் ஏறியது பாதி. உங்கள் பையும் அப்படி இழுக்காதா?

பனிக்காலணி | செப்டம்பர் 22, இரவு 11:10

இழுக்கும். அதனால்தான் வைத்துவிட்டு மறக்கக் கூடாது. மருந்து வைத்த மரத்தையும் அதைச் சுற்றி நிற்பதையும் கட்டாயம் பார்த்து, ஏறியிருந்தால் வெட்டி எரித்துவிட வேண்டும். போய்ப் பார்க்க ஆளில்லை என்றால் பையே வைக்காமலிருப்பது மேல்.

வண்டுகளுக்கு இதில் ஒரு ஒழுங்கு உண்டு. மரம் நிரம்பியதும் வேறொரு வாசனை வரும், வெர்பினோன் என்று பெயர். "இங்கே இடமில்லை, அடுத்த மரத்துக்குப் போ" என்ற பலகை மாதிரி. முக்கியமான சில மரங்களைக் காப்பாற்ற அதையே பையில் அடைத்துத் தொங்கவிடுகிறார்கள். கூட்டம் குறைவாக இருந்தால் பலகையை மதிக்கும். கூட்டம் பெருத்துவிட்டால் மதிக்காது.

ஸ்காபரோவான் | செப்டம்பர் 23, காலை 6:20

வணக்கம் அண்ணை. நீங்கள் எழுதியதை வாசித்தபின் நித்திரை வரவில்லை. ஒன்ராறியோவின் வடக்குப் பக்கம் நாங்கள் நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய சிறிய கொட்டேஜ் ஒன்று இருக்கிறது. வளவுக்குள் ஏழு பைன் மரங்கள் நிற்கின்றன. போன கிழமை போனபோது ஒரு மரத்தில் சிறு சிறு ஓட்டைகளும் பிசின் வடிந்த அடையாளமும் கண்டேன். அதுதான் இதுவோ?

இன்னொரு விடயம். எட்மன்டனில் இருக்கும் சிநேகிதன் ஒருவன் வீடு மாறி இங்கே வருகிறான். லொறியில் இடமிருக்கிறது, நல்ல பைன் விறகு கொண்டுவரவா என்று கேட்கிறான். என்ன சொல்லட்டும்?

பனிக்காலணி | செப்டம்பர் 23, காலை 6:45

தம்பி, விறகு வேண்டவே வேண்டாம் என்று இப்போதே அழைத்துச் சொல்லிவிடுங்கள். பட்டையோடு இருக்கிற விறகுக்குள் புழு பனிக்காலம் முழுக்க உயிரோடு இருக்கும், ஜூலையில் உங்கள் வளவில் வெளியே வரும். தானாகப் பறந்து ஒன்ராறியோவுக்கு வர எத்தனையோ வருடம் ஆகும், லொறியில் வந்தால் நான்கு நாள். வழியில் சஸ்காட்செவன் மாகாணம் ஆல்பர்ட்டாவிலிருந்து பட்டையோடு பைன் மரம் உள்ளே வருவதற்கே தடை போட்டிருக்கிறது.

உங்கள் மரத்தைப் பற்றி: அந்த ஓட்டைகள் எப்படி இருக்கின்றன, எந்த உயரத்தில், அடியில் தூள் கிடக்கிறதா? அடுத்த முறை போகும்போது பார்த்து எழுதுங்கள். அதுவரை நன்றாக நித்திரை கொள்ளுங்கள். ஒன்ராறியோவில் இந்த வண்டு இல்லை.

சொல்லாராய்ச்சி | செப்டம்பர் 23, பகல் 12:00

இழை முழுக்கப் படித்தேன். ஒரு ஆட்சேபம். வண்டைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் "ஊடுருவிய அந்நிய உயிரினம்" என்கிறார்கள், இங்கேயும் அந்தத் தொனி வருகிறது. இந்த வண்டு வட அமெரிக்காவின் சொந்தப் பிள்ளை. பான்ஃப் தேசியப் பூங்காவில் 1940களிலேயே தாக்கியிருக்கிறது, 1980களில் தென்மேற்கு ஆல்பர்ட்டாவிலும் அதன் தென்கிழக்கு மூலையிலுள்ள சைப்ரஸ் குன்றுகளிலும் இருந்திருக்கிறது. நூறு வருடமாகக் காட்டுத்தீயை அணைத்து அணைத்துக் கிழட்டுப் பைன்களாக நிறைத்துவைத்தது மனிதன். பனிக்காலக் குளிரைக் குறைத்தவனும் மனிதன். விருந்தைப் பரப்பிவைத்துவிட்டு வந்தவனைத் திருடன் என்கிறோம்.

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 23, பகல் 12:40

விருந்து விஷயம் சரி, ஆனால் யார் வீட்டில் என்று பாருங்கள். ராக்கி மலைதான் நெடுங்காலம் சுவராக இருந்தது. 2006 கோடையில் காற்றோடு மேலே எழும்பிய பெருங்கூட்டம் மலையைத் தாண்டி ஆல்பர்ட்டாவின் கிராண்ட் பிரெய்ரி பகுதியில் மழைபோல இறங்கியது. 2009இல் இன்னொரு கூட்டம். காட்டுக்கு மேலே எழும்பிவிட்டால் ஒரே நாளில் 30 முதல் 110 கிலோமீட்டர் வரை காற்று கொண்டுபோகும் என்று வானிலை ரேடாரை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். மேற்கே அதன் உணவு லாட்ஜ்போல் பைன். ஆல்பர்ட்டாவின் நடுவே லாட்ஜ்போலும் ஜாக் பைனும் கலந்து நிற்கின்றன, அதற்குக் கிழக்கே ஜாக் பைன் மட்டும். அந்த ஜாக் பைன் காடு விட்டுவிட்டு அட்லாண்டிக் கரை வரை போகிறது. இந்த வண்டை அது கண்டதே இல்லை. 2011இல் மரபணுச் சோதனை செய்து, தாக்கப்பட்டது கலப்பு மரமல்ல, சுத்த ஜாக் பைன்தான் என்று உறுதி செய்தார்கள். பிறந்த நாடு ஒன்றாக இருக்கலாம். இந்தக் காட்டுக்கு அது அந்நியன்தான்.

சொல்லாராய்ச்சி | செப்டம்பர் 23, பகல் 1:15

அப்படியானால் "பரவல் எல்லையைத் தாண்டியது" என்று எழுதுங்கள். சொல்லில் கவனம் வேண்டும். "அந்நிய" என்றதும் அடித்துக் கொல்லப் பணம் வருகிறது. "காலநிலை மாறுகிறது" என்றால் வருவதில்லை.

குறிஞ்சிப்பூ | செப்டம்பர் 23, மாலை 4:30

சண்டைக்கு நடுவே ஒரு கேள்வி. நான் உதகையில் இருக்கிறேன். இங்கேயும் கொடைக்கானலிலும் பைன் நிற்கிறதே, இந்த வண்டு வந்துவிடுமா?

உண்மையான அந்நிய வண்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சீனாவைப் பாருங்கள். இதே பேரினத்தில் இன்னொன்று, சிவப்பு டர்பன்டைன் வண்டு. வட அமெரிக்காவில் அது பெரிய வில்லன் இல்லை. ஏற்கெனவே நோய்ப்பட்ட மரத்தையும் வெட்டிய அடிமரத்தையும்தான் தேடிப் போகும். சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 1998இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான மரக்கட்டையோடு 1980களில் வந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அங்கே போனதும் திடமான பைன்களையே கொல்லத் தொடங்கி, லட்சக்கணக்கில் சாய்த்துவிட்டது.

பனிக்காலணி | செப்டம்பர் 23, இரவு 9:00

@குறிஞ்சிப்பூ: மலைப்பைன் வண்டு அங்கே இல்லை. உங்கள் ஊரில் பைனே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டதுதானே. புல்வெளியை மீட்க அந்நிய மரங்களை எடுங்கள் என்று அங்கே பேசிக்கொண்டிருக்கிறார்கள், இங்கே பைனைக் காப்பாற்ற நான் பனியில் நடக்கிறேன். சொல்லாராய்ச்சி ஐயா இதற்கும் ஒரு சொல் வைத்திருப்பார்.

சீன வண்டு விஷயத்தில் கண்காணிப்பு எங்களுடையதைவிட வேறு. அது மரத்தின் அடியிலும் வேரிலும் இறங்கும். அதனால் முட்டி போட்டுத்தான் தேட வேண்டும், அடிமரத்தில் செம்பழுப்புப் பிசின் கட்டிகள் இருக்கும். பொறியில் வைப்பதும் வண்டின் வாசனையை அல்ல, பைன் பிசினிலேயே உள்ள ஒரு பொருளை, 3-கேரீன் என்று பெயர். வேருக்குள் போய்ப் படுத்துக்கொள்வதால் குளிரும் அதை எளிதில் தொடாது. எங்களுக்குக் குளிர்தான் பெரிய துணை.

குளிர் என்றதும் என் மானம் போன கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

மே மாதத்தில் இன்னொரு கணக்கு உண்டு. பனிக்காலத்தில் எத்தனை பிழைத்தன என்று பார்ப்பது. வண்டேறிய மரத்தில் நெஞ்சுயரத்தில் வட்டவாளை டிரில்லில் மாட்டி, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையை வட்டமாக எடுப்போம். உள்பக்கத்தைத் திருப்பினால் தாய் வண்டு போன பாதை நெட்டுக்குத்தாகத் தெரியும், அதிலிருந்து இரு பக்கமும் சீப்புப்பல் போலப் புழுக்கள் தின்றுபோன பாதைகள். உயிரோடிருக்கிற பிள்ளைகளை எண்ணி, தாய் நுழைந்த ஓட்டைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 2.6க்குக் கீழே வந்தால் கூட்டம் இறங்குமுகம், 4க்கு மேலே போனால் ஏறுமுகம், நடுவே இருந்தால் இருந்தபடி.

2019 பிப்ரவரியில் இங்கே மாதம் முழுக்கக் கடுங்குளிர். இந்தப் புழு இலையுதிர் காலத்திலேயே உடம்பில் கிளிசரால் சேர்த்துக்கொள்ளும், மைனஸ் 37, மைனஸ் 40 டிகிரி வரை தாங்கும். அந்த வருடம் அதையும் தாண்டியது. மே மாதம் போய் வட்டம் எடுத்தால் புழுவெல்லாம் பழுப்பாகி, அமுக்கினால் கூழாக வந்தது. எனக்கு ஒரே உற்சாகம். மரத்துக்கு மரம் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனேன். எங்கள் குழுவில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மூத்தவர், மண்ணின் மைந்தர் சமூகத்தைச் சேர்ந்தவர், நான் பூஜ்யம் போட்ட மரத்துக்குப் போய் எதுவும் பேசாமல் மண்டியிட்டார். கைக்கோடரியால் அடிமரத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பட்டையை நெம்பினார். வெள்ளை வெளேரென்று நான்கு புழு, மூக்கு மட்டும் பழுப்பு. விரலில் எடுத்து என் கையில் வைத்தார். நெளிந்தது.

பனி குவிந்து கிடந்த உயரம் அது. மேலே மைனஸ் 40 இருந்தாலும் பனிக்கு அடியில் கம்பளிக்குள் படுத்த மாதிரி. நெஞ்சுயரத்தில் எடுத்த கணக்கு பொய்யில்லை, அந்த வருடம் வண்டு உண்மையிலேயே பெருமளவு அழிந்தது. ஆனால் நான் எழுதிய பூஜ்யம் பூஜ்யம் இல்லை. அன்றுமுதல் முட்டியில் மண் படாமல் நான் எந்த மரத்தையும் விட்டுவந்ததில்லை.

வரைபடப்பித்தன் | செப்டம்பர் 23, இரவு 9:35

இது என் வரைபடத்தில் வராது. ஒப்புக்கொள்கிறேன்.

தென்னந்தோப்பு | செப்டம்பர் 23, இரவு 10:05

தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

கணக்கப்பிள்ளை | செப்டம்பர் 24, காலை 8:10

குளிரிலேயே அழிந்துவிட்டது என்றால் இன்னும் ஏன் இத்தனை செலவு? வண்டு குறைந்த பிறகு கணக்கெடுப்பையும் குறைப்பதுதானே முறை? இது வரிப்பணம்.

மேலும் 2024இல் ஆல்பர்ட்டாவின் மலையூர் ஜாஸ்பர் எரிந்ததே, இந்த வண்டு கொன்ற மரங்கள்தானே எரிந்தன? அப்படியானால் இத்தனை வருடம் எண்ணி என்ன கிழித்தார்கள்?

பனிக்காலணி | செப்டம்பர் 24, இரவு 10:20

முதலில் ஜாஸ்பர். அந்தப் பள்ளத்தாக்கில் வண்டு ஏராளமான பைனைக் கொன்றது உண்மை. 2024 ஜூலையில் ஊரின் கட்டடங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எரிந்ததும் உண்மை. ஆனால் இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டுவது அவ்வளவு எளிதில்லை. சிவந்த இலை மரத்திலிருக்கும்வரை தீக்குச்சி மாதிரி. இலை உதிர்ந்து மரம் சாம்பல் நிறமானதும் தலைக்குத் தலை தீ தாவுவது குறையலாம், ஆனால் விழுந்த கட்டை தரையில் எரிபொருளாகக் குவியும். அன்றைக்கு நீண்ட வெப்பமும் வறட்சியும் பேய்க்காற்றும் இருந்தன. பச்சை மரமும் சேர்ந்துதான் எரிந்தது. ஊரைச் சுற்றிச் செத்த மரங்களை முன்பே வெட்டி அகற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள்மேல் அல்ல. இங்கே அதிகாரத்தில் இருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். காடு சிவந்து தொலைக்காட்சியில் வருகிறபோது பணம் கொட்டும். அப்போது எண்ணி என்ன பயன்? ஆயிரக்கணக்கில் ஏறிவிட்ட கூட்டத்தை ஐந்து பேர் கோடரியோடு போய் நிறுத்த முடியாது. குறைந்து கிடக்கிற காலத்தில், ஒரு பள்ளத்தாக்கில் மூன்றே மரம் இருக்கிறபோது, அந்த மூன்றையும் கண்டுபிடித்து எரித்தால் அங்கே கதை முடிந்தது. அப்போது பார்த்து ஆளைக் குறைப்பார்கள். ஏழு பருவத்தில் எங்கள் குழு பதினொரு பேரிலிருந்து நான்கு பேர் ஆகியிருக்கிறது. நான்கு பேருக்குத் தெரிவது பதினொரு பேருக்குத் தெரிவதைவிடக் குறைவு. குறைவாகக் கண்டோம் என்பதால் வண்டு குறைவு என்று அடுத்த வருடம் இன்னும் ஒருவரைக் குறைப்பார்கள்.

இன்னொரு வியாதி, சிவப்பு மரத்தைச் சுற்றிய 50 மீட்டர் வட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான் முன்பு வேலை செய்த ஒரு ஒப்பந்தக்காரரிடம் அப்படித்தான். ஒரு நாளில் எத்தனை வட்டம் முடிக்கிறாயோ அத்தனை காசு. சிவப்பு மரத்தடியில் நின்று கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதிப் போனவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் ஒரு மழைநாளில் அப்படி எழுதியிருக்கிறேன், மறைப்பானேன். எதுவும் இல்லாத வட்டத்தை யாரும் திரும்பப் போய்ச் சரிபார்ப்பதில்லை.

கண்ணால் ஒரு சுற்று ஏன் போதாது என்றால், பிசின் எப்போதும் காட்டிக்கொடுக்காது. நல்ல மரம் என்றால் ஓட்டைக்கு ஓட்டை சோளப்பொரி ஒட்டிவைத்த மாதிரி பிசின் பொங்கி நிற்கும், பத்தடி தூரத்திலேயே தெரியும். வறட்சியில் வாடிய மரத்தில் பொங்குவதற்குப் பிசினே இருக்காது. போன வருடம் அப்படி ஒன்று. பட்டை சுத்தம், தலை பச்சை. வேர் மூட்டில் ஒரு சிலந்தி வலை. வலைக்குள் ரவை சலித்துப் போட்டதுபோலச் செந்தூள். வண்டு துளைத்துத் தள்ளிய பட்டைத்தூள் அது. அந்தச் சிலந்தி இல்லையென்றால் நான் தாண்டிப் போயிருப்பேன். பட்டையில் சிறு சன்னல் வெட்டினேன், உள்ளே நீலம்.

சொல்லாராய்ச்சி | செப்டம்பர் 25, காலை 7:30

சிலந்திக்குக் கூலி கொடுத்தார்களா? நிற்க, நேற்றுவரை நான் பேசியது சொல்லைப் பற்றி. எண்ணுவதை நிறுத்தச் சொல்லவில்லை. எந்தப் பெயர் வைத்தாலும் எண்ணத்தான் வேண்டும்.

இழைக் காவலர் | செப்டம்பர் 25, காலை 9:00

"மரம் வெட்டுவது பாவமா" என்ற கிளை விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே வண்டு மட்டும்.

குறிஞ்சிப்பூ | செப்டம்பர் 25, பகல் 2:10

ஐரோப்பாவில் ஸ்ப்ரூஸ் மரத்து வண்டுக்கு நாய்களைப் பழக்கியிருக்கிறார்களே, நூறு மீட்டர் தள்ளியிருந்தே புதிதாகத் தாக்கப்பட்ட மரத்தை மோந்து சொல்கிறதாம். உங்கள் நான்கு பேரோடு ஒரு நாயைச் சேர்த்தால் என்ன?

பனிக்காலணி | செப்டம்பர் 25, இரவு 8:30

சேர்த்தால் மகிழ்ச்சிதான். கரடி வந்தால் முதலில் குரைக்கவும் ஆள் ஆயிற்று.

ஸ்காபரோவான் | செப்டம்பர் 28, மாலை 5:45

அண்ணை, கொட்டேஜுக்குப் போய் வந்தேன். நீங்கள் கேட்டபடி பார்த்தேன். ஓட்டைகள் என் தலைக்குச் சற்று மேலே. ஒவ்வொன்றும் பென்சில் முனை அளவு. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, அளவுகோல் வைத்துக் குத்தியதுபோல மரத்தைச் சுற்றி நான்கைந்து வரிசைகள். பிசின் கீழே வழிந்து காய்ந்திருக்கிறது. முழங்காலில் இருந்து அடிமரத்தையும் பார்த்தேன், தூள் இல்லை. சிலந்தி வலை ஒன்று இருந்தது, அதற்குள்ளும் தூள் இல்லை. இரண்டு நுளம்பு மட்டும்.

விறகுக்காரனிடமும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டான்.

பனிக்காலணி | செப்டம்பர் 28, இரவு 7:15

வரிசையாக இருந்தால் வண்டு இல்லை, தம்பி. மரங்கொத்தியில் ஒரு வகை, வரிசை வரிசையாகக் குத்திவைத்து, ஊறுகிற சாற்றைத் திரும்ப வந்து குடிக்கும். தெற்கே போகிற காலம் இது, இப்போதே பார்த்தால்தான் உண்டு. காலையில் அந்த மரத்தடியில் சத்தமில்லாமல் நின்று பாருங்கள்.

ஸ்காபரோவான் | செப்டம்பர் 29, காலை 8:02

நிற்கிறேன். வந்திருக்கிறது. நெற்றியில் சிவப்பு.